வறண்டது என்று எழுதிய இடம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
இந்தச் சரிவுக்கு வருகிறேன்.
வரைபடத்தில் இது மேடு.
முன்பு பள்ளம். அதற்கும் முன்பு வேறொரு மேடு.
மொன்டானாவின் காற்றுக்கு எல்லாம் ஒன்றுதான்,
டிரக்கின் கதவைப் பிடுங்கப் பார்க்கிறது.

எழுபதடிக் கரியை எடுத்துக்கொண்டு
தோண்டிய மண்ணையே திருப்பிக் கொட்டிப்
புல் விதைத்துப் போனார்கள்.
புல் நன்றாகத்தான் இருக்கிறது.
மான்கள் குறை சொல்லவில்லை.
ஆனால் இங்கே தண்ணீரைச் சுமந்து நடந்தது கரிதான்,
விரிசல் விரிசலாக, அவசரமில்லாமல்,
ஹால்வர்சன் பண்ணையின் ஊற்றுக்கண் வரைக்கும்.
கரி போயிற்று. கண் மூடிக்கொண்டது.

ஒன்பது கிணறுகள் என் பொறுப்பு.
குனிந்து முகம் பார்க்கிற கிணறுகள் அல்ல.
உள்ளங்கை அகலக் குழாய்,
தலையில் இரும்பு மூடி, மூடிக்கொரு பூட்டு,
பூட்டைத் தொட்டால் கோபிக்கும் ஒரு குளவி.

இரண்டாம் எண்ணில் மூன்று மடங்கு இறைத்துக் கொட்டினேன்.
குழாயில் தேங்கிக் கிடப்பது பொய் சொல்லும்.
மண்ணிலிருந்து புதிதாய் ஊறி வருவதைத்தான்
விசாரிக்க வேண்டும்.
மீட்டரின் எண் ஆடி அடங்கும்வரை
நின்றபடி ஒரு ஆப்பிளைத் தின்றேன்.
சல்பேட்டுக்கு ஒரு குப்பி.
இரும்புக்கும் மாங்கனீசுக்கும் ஒன்று, சில சொட்டு அமிலத்தோடு.
இன்னொன்றில் வெறும் வாலைநீர்,
இந்த வெளியில் ஊற்றி, இங்கேயே மூடி,
அழுக்கு பூமியுடையதா என் கையுடையதா
என்று தெரிந்துகொள்ள.
அந்தக் குப்பியை ஐஸ் பெட்டியில் வைக்கும்போதெல்லாம்
என்னையே சோதனைக்கு அனுப்புவது மாதிரி இருக்கும்.

பதினான்காம் எண் கடைசி.
பத்தொன்பது வருடமாக அதற்கு ஒரே சொல்.
எனக்கு முன்னால் வெண்டெல் எழுதியதும் அதுதான்,
அவருக்கு முன்னால் யாரோ பென்சிலில் எழுதியதும்.
நான் பூட்டைத் திறக்குமுன்பே எழுதிவிட்டேன்:
வறண்டது.

நாடாவை இறக்கினேன்.
நூற்று முப்பத்தாறாவது அடியில்
அது கீச்சிட்டது.

மூடியில் படிந்த பனி சொட்டியிருக்கும்.
ஏற்றினேன், சட்டையில் துடைத்தேன், இறக்கினேன்.
அதே அடி. அதே கீச்சு.
அடியாழத்தில் கழித்துப் பார்த்தால்
நாலு அங்குலம்.
ஆளில்லாத மேட்டில் மண்டியிட்டு,
நீர் யார், எவ்வழி வந்தீர் என்று
நீரிடமே கேட்டேன்.

தூக்குக்குழலில் ஒரு வாய்க்கு வந்தது.
கடுங்காப்பி நிறம்.
மீட்டர் ஏறிற்று, ஏறிற்று,
நான் இதுவரை பார்க்காத எண்ணில் போய் நின்றது.
கொட்டிய மண்ணின் உப்பையெல்லாம் கரைத்து
மடியில் கட்டிக்கொண்டு
இருட்டில் நடந்து வந்திருக்கிறது.

வேலிக்கு அந்தப்பக்கம் ஆர்வில் ஹால்வர்சன்,
மாடுகளுக்கு லாரித் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார்.
"வந்துவிட்டதா?"
ஒவ்வொரு தடவையும் கேட்பார்,
நான் உதட்டைப் பிதுக்குவேன், வானிலை பேசுவோம்.
இன்று, வந்திருக்கிறது என்றேன்.
குழாயைக் கீழே போட்டுவிட்டார்.
தண்ணீர் அவர் பூட்ஸ் மேல் ஓடியது.
"மாடு குடிக்குமா?"
"குடிக்கக் கூடாது."
"எப்போது குடிக்கலாம்?"
மாதிரிக் கணக்கு நாற்பது என்கிறது, இன்னொன்று இருநூறு.
தெரியாது என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்தார்.
"உப்போடாவது வந்ததே.
என் தம்பி கடிதம்கூடப் போடுவதில்லை."

எங்கள் படிவத்தில் எதையும் அழிக்கக் கூடாது.
தவறின் மேல் ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது படிக்கும்படி.
பக்கத்தில் முதலெழுத்து, தேதி.
காற்றில் தாள் படபடக்க
முழங்காலில் வைத்துக் கோடிழுத்தேன்.
அளவை எழுதினேன்.

பாதி வழி வந்தபிறகுதான்
பூட்டைப் பூட்டவில்லை என்பது நினைவு வந்து
வண்டியைத் திருப்பினேன்.